தாளம் தப்பும் நெஞ்சு: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நெஞ்சுத் துடிப்பைப் பற்றியவை. மாரடைப்பு என்றால் எல்லோருக்கும் விளங்குகிறது. துடிப்பின் ஒழுங்கு கெடுவது என்றால் மட்டும் கொழும்புக்குப் போய்ப் பார்க்கவேண்டிய பெரிய வருத்தம் என்று நினைத்துவிடுகிறார்கள். அதைத் தடுக்கிற வேலையில் பெரும்பகுதி ஊர்க் கிளினிக்கிலும் வீட்டு அடுப்படியிலுமே முடிந்துவிடும். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம். பெயர்களை விட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

கேள்வி (ஒட்டுசுட்டான்): என் கணவரின் தமையனுக்கு வயது 67. நெஞ்சு நோ என்று ஒருநாளும் சொன்னவர் அல்ல. போன மாதம் விடியப்புறம் பாரிசவாதம் வந்து ஒரு பக்கக் கையும் காலும் வழங்காமல் போய்விட்டன. ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, இதயத்துடிப்பு ஒழுங்கில்லை, அதனால்தான் மூளைக்கு இரத்தக்கட்டி போனது என்கிறார்கள். நோ இல்லாமல் இதய வருத்தம் வருமா? என் கணவருக்கு 54 வயது, பிறசர் இருக்கிறது. அவருக்கும் வராமல் தடுக்க வழியுண்டா?

பதில்: வரும். இந்த வருத்தம் சத்தமில்லாமல் வருவதுதான் அதில் உள்ள பெரிய ஆபத்து. பலருக்குப் படபடப்பு, களைப்பு, படியேறினால் மூச்சு வாங்குவது என்று ஏதோவொன்று இருக்கும். சிலருக்கு ஒன்றுமே இராது. முதல் அறிகுறியே பாரிசவாதமாக இருக்கும்.

நல்ல இதயத்தில் வலது மேலறையிலுள்ள ஒரு சிறு கணுவிலிருந்து மின்துடிப்பு கிளம்பும். ஆறுதலாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 தொடக்கம் 100 தடவை. மேலறைகள் சுருங்கிக் கீழறைகளை நிரப்பும், கீழறைகள் சுருங்கி உடம்புக்கு இரத்தத்தைத் தள்ளும். உங்கள் மைத்துனருக்கு வந்திருப்பது பெரும்பாலும் ஏட்ரியல் பிப்ரிலேசன். கிளினிக்கில் சுருக்கமாக ஏஎப் என்பார்கள். இதில் மேலறைகளில் கண்டபடி பல இடங்களிலிருந்து மின்னலைகள் கிளம்பி, நிமிடத்துக்கு 350க்கும் மேலே போய்விடும். அந்த வேகத்தில் அறை சுருங்காது, வெறுமனே நடுங்கும். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள இன்னொரு கணு, இரணைமடுக் குளத்து வான்கதவுபோல, வருகிற எல்லாவற்றையும் கீழே விடாது. விடுவதும் ஒரு ஒழுங்கில் இல்லை. நாடி தாறுமாறாக அடிப்பது அதனால்தான்.

சுருங்காத அறையில் இரத்தம் தேங்கும். இடது மேலறையின் பக்கத்தில் காதுமடல்போல ஒரு சின்னப் பை உண்டு. தேங்கிய இரத்தம் பெரும்பாலும் அதற்குள்தான் கட்டியாகும். கட்டி கழன்றால் மூளைக்குப் போகும் குழாயில் சிக்கும். ஏஎப் உள்ளவருக்குப் பாரிசவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு.

இனி உங்கள் கணவர். கூடிய பிறசரோடு வருடக்கணக்கில் வேலைசெய்கிற கீழறைச் சுவர் தடித்து விறைத்துப்போகும். விறைத்த அறைக்குள் இரத்தத்தை இறக்க மேலறை பாடுபட வேண்டும். பாடுபட்டு அது இழுபட்டுப் பெருக்கும். இழுபட்ட தசையில் நுண்ணிய தழும்பு விழும். தழும்பு விழுந்த இடத்தில் மின்துடிப்பு நேராகப் போகாமல் சுற்றிச் சுற்றி ஓடும். இது ஒரு கிழமையில் நடப்பதல்ல. பத்து, பதினைந்து வருடம் 150, 160 என்று கவனியாமல் விட்டதன் பலன். ஆகவே 54 வயதில் கேட்டிருப்பது நல்ல காலம்.

வயதையும் குடும்பத்து இரத்தத்தையும் மாற்ற முடியாது. பிறசர், நீரிழிவு, உடல்நிறை, குடி, புகை, குறட்டையோடு மூச்சு நிற்பது, தைரொயிட் ஆகியவற்றை மாற்றலாம். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் தொடங்கி ஒன்றையும் முடிக்காதவர்களை நிறையப் பார்க்கலாம். உங்கள் கணவர் முதலில் பிறசரை மட்டும் பிடிக்கட்டும். அது 130/80க்குக் கீழே வந்து நிற்கட்டும். ஊர் வைத்தியசாலைகளில் 35 வயதுக்கு மேற்பட்டோருக்குப் பிறசர், சீனி, நிறை, இடுப்பளவு பார்க்கிற இலவச ஆரோக்கிய வாழ்வுக் கிளினிக் நடக்கிறது. வருத்தம் வந்துதான் போகவேண்டும் என்றில்லை.

கேள்வி (மல்லாவி): நாடி பார்த்தே இந்த வருத்தத்தைக் கண்டுபிடிக்கலாம் என்கிறார்கள். வீட்டில் எப்படிப் பார்ப்பது?

பதில்: ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள். இடதுகை உள்ளங்கையை மேலே பார்க்க மடியில் வையுங்கள். வலதுகைச் சுட்டுவிரலையும் நடுவிரலையும் பெருவிரலின் அடியில், மணிக்கட்டு மடிப்பிலிருந்து முழங்கைப் பக்கமாகச் சற்றுத் தள்ளி வையுங்கள். பெருவிரலால் பார்க்கக் கூடாது. அதிலும் ஒரு நாடி ஓடுவதால் எந்தத் துடிப்பை எண்ணுகிறீர்கள் என்று குழம்பிவிடும். மெதுவாக அழுத்துங்கள், கூட அழுத்தினால் நாடி மறைந்துவிடும். முழுதாக 60 விநாடி எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கும் குறுக்குவழி ஒழுங்கான நாடிக்குச் சரி, ஒழுங்கற்றதற்குப் பிழைக்கும்.

எண்ணைவிட முக்கியம் தாளம். ஒழுங்கான நாடி தண்ணி இறைக்கிற எஞ்சின் போல ஒரே சீராகப் போகும். ஏஎப் நாடி, தகரக் கூரையில் மழை தொடங்கும்போது விழுகிற துளிகள் மாதிரி. அடுத்தது எப்போது விழும் என்று சொல்லவே முடியாது. ஒன்று பலமாகவும் ஒன்று மெலிதாகவும் இருக்கும். இடைக்கிடை ஒரு துடிப்பு முந்தி வந்து, பிறகு சற்று நின்று, மறுபடி சீராகப் போனால் அது பெரும்பாலும் எல்லோருக்கும் வந்துபோகிற தனித்துடிப்பு. அதற்காக நித்திரை கெடவேண்டாம். அடுத்த கிளினிக்கில் சொன்னால் போதும். மூச்சு உள்ளே இழுக்கும்போது கொஞ்சம் விரைவதும் வெளியே விடும்போது குறைவதும் இளையவர்களுக்கு இயல்பு.

65 வயது தாண்டியவர்கள் மாதம் ஒருமுறையாவது இப்படிப் பார்க்கலாம். தாறுமாறாக இருந்தால் அன்றோ மறுநாளோ ஈசிஜி எடுக்கவேண்டும், ஏனென்றால் நாடி சந்தேகத்தை மட்டும்தான் தரும், முடிவு சொல்வது ஈசிஜி. ஆறியிருக்கும்போதே 120க்கு மேல் ஓடி இறங்காவிட்டால், அல்லது கூடவே நெஞ்சு நோ, மயக்கம், மூச்சுத்திணறல் இருந்தால் காத்திராமல் அம்புலன்ஸுக்கு 1990 இலக்கத்தில் எடுங்கள். வாய் கோணினாலோ பேச்சுக் குழறினாலோ கை தூக்க முடியாவிட்டாலோ அதுவேதான். அதோடு, கடைசியாக எத்தனை மணிக்கு ஆள் நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டியைக் கரைக்கிற ஊசி நாலரை மணித்தியாலத்துக்குள்தான் போடப்படுவது வழக்கம்.

கேள்வி (விசுவமடு): கிளினிக்கில் 164/96. வீட்டு மிசினில் 132/82. எதை நம்புவது? மிசின் பழுதா?

பதில்: இரண்டும் சரியாக இருக்கலாம். கிளினிக் நாளில் விடிய எழும்பி, முதல் பஸ்ஸைப் பிடித்து, நம்பர் எடுத்து, வரிசையில் இருந்து, பக்கத்தில் இருப்பவரோடு கதைத்துக்கொண்டே கையை நீட்டினால் பிறசர் ஏறித்தான் காட்டும். சலம் முட்டிய வயிறு, காலுக்குமேல் கால், சாய இடமில்லாத வாங்கு, சட்டைக் கைக்கு மேலே கட்டிய பட்டி, தொங்கவிட்ட கை: ஒவ்வொன்றும் சில புள்ளிகளைக் கூட்டும்.

வீட்டில் பார்க்கும் முறை இது. அரை மணித்தியாலம் முன்னரே தேத்தண்ணி, சுருட்டு, வேலை எல்லாவற்றையும் நிறுத்துங்கள். சலம் போய்விட்டு வந்து, முதுகு சாயும் கதிரையில் பாதம் தரையில் பட இருங்கள். ஐந்து நிமிடம் கழித்து, வெறும் கையில் முழங்கைக்கு மேலே பட்டியைக் கட்டி, கையை மேசையில் நெஞ்சு மட்டத்துக்கு வையுங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பாருங்கள். காலையில் குளிசை போடுமுன், பின்னேரம் சாப்பிடுமுன். ஏழு நாள் இப்படிச் செய்து, முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மற்ற ஆறு நாளின் சராசரியை எடுங்கள். அது 135/85 அல்லது அதற்கு மேலே என்றால் உண்மையான பிறசர். உங்களுடைய 132/82 முழுக் கிழமையின் சராசரி என்றால் நல்லது. ஒரே ஒரு தடவை வந்த எண் என்றால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

பழுதைவிடப் பட்டியின் அளவுதான் அடிக்கடி ஏமாற்றுகிறது. கூடவே வருகிற பட்டி பெரும்பாலும் 22 முதல் 32 சென்ரிமீற்றர் சுற்றளவுள்ள கைக்குரியது. தையல் நாடாவால் மேற்கையின் நடுவை அளந்து பாருங்கள். 34, 35 இருந்தால் பெரிய பட்டி வாங்கவேண்டும். சின்னப் பட்டி இல்லாத பிறசரைக் காட்டும். மணிக்கட்டில் கட்டுகிற மிசின் வேண்டாம். ஏற்கெனவே ஏஎப் உள்ளவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் எண் மாறும், மூன்று தடவை பார்த்துச் சராசரி எடுக்கவேண்டும்.

இங்கே எங்கும் காணும் ஒரு பிழையையும் சொல்லவேண்டும். வெறும் வயிற்றில் இரத்தம் குத்துகிற நாளில் பலர் பிறசர்க் குளிசையையும் போடாமல் வருகிறார்கள். பிறகு பிறசர் ஏறியிருக்கிறது என்று குளிசையைக் கூட்டுவார்கள், வீட்டில் பழைய குளிசையும் கூட்டியதும் சேர்ந்து தலை சுற்றும். சீனிக் குளிசையையும் இன்சுலினையும்தான் சாப்பாடு வரைக்கும் நிறுத்துவது. பிறசர்க் குளிசையை வழக்கமான நேரத்தில் ஒரு மிடறு தண்ணியோடு போடலாம், வைத்தியர் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலன்றி.

கேள்வி (முள்ளியவளை): எங்கள் வீட்டில் உப்பு குறைவுதான். கறியில் உறைப்புத்தான் கூட. இந்துப்புக்கு மாறினால் பிறசர் குறையுமா?

பதில்: ஆனையிறவு உப்பென்றாலும் இந்துப்பென்றாலும் உள்ளே இருப்பது சோடியந்தான். விலை மட்டும் மாறும்.

"குறைவுதான்" என்பதை நாக்கால் அளக்க முடியாது, பக்கற்றால் அளக்கலாம். ஆளுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைய, அதாவது ஒரு மட்டத் தேக்கரண்டி, என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஐந்து பேர் உள்ள வீட்டில் மாதத்துக்கு 750 கிராம். அதற்குள் பாணிலும் கருவாட்டிலும் கடைச் சாப்பாட்டிலும் வருகிறதும் அடக்கம். உப்புப் பக்கற்றில் வாங்கிய திகதியை எழுதி வையுங்கள். 400 கிராம் பக்கற் ஐந்து பேருக்கு ஒரு கிழமையில் முடிந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 11 கிராமுக்கு மேலே போகிறது. இரட்டிப்பு.

சோற்றை உப்புப் போடாமல் காய்ச்சுங்கள். சொதிக்கும் பருப்புக்கும் இறக்குகிற நேரத்தில் போடுங்கள். கொதிக்கத் தொடங்கும்போது போட்டு, பிறகு வற்றியபின் ருசி பார்த்து மறுபடி போடுவதுதான் கூடிப்போகக் காரணம். சம்பலில் தேசிப்புளி கூட, உப்புக் குறைய. கருவாட்டை வெந்நீரில் ஊறவிட்டு இரண்டு தண்ணி மாற்றினால் உப்புக் கொஞ்சம் இறங்கும், முழுக்க இறங்காது. ஆகவே அது கிழமைக்கு ஒருநாள். மோர்மிளகாய், ஊறுகாய், நூடில்ஸ் பக்கற்றின் மசாலாத் தூள், சோயாமீற் பெட்டிக்குள் வருகிற தூள், சூப் கட்டி: இவை உறைப்புக்குள் ஒளிந்திருக்கிற உப்பு. உங்கள் வீட்டு உறைப்புக் கறியிலும் அப்படித்தான் என்று ஊகிக்கிறோம். மூன்று நான்கு கிழமையில் நாக்கு பழகிவிடும்.

சோடியம் குறைத்த உப்பு என்று விற்பவற்றில் பொற்றாசியம் இருக்கும். சிறுநீரக வருத்தம் உள்ளவர்களும், லொசாட்டன், எனலாப்ரில், ஸ்பைரோனோலக்ரோன் குளிசை போடுபவர்களும் வைத்தியரிடம் கேளாமல் அதைத் தொடக்கூடாது. பொற்றாசியம் ஏறினாலும் இதயத்தின் தாளம் கெடும், சில வேளை நின்றும் போகும்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): எனக்கு வயது 46. நாளாந்தம் குடிப்பதில்லை. கலியாணவீடு, திருவிழா என்றால் மட்டும். போன தடவை மறுநாள் விடிய நெஞ்சு படபடவென்று அடித்து மூன்று மணித்தியாலத்தில் நின்றது. கள்ளு இயற்கையானதுதானே, அதுக்கு மாறலாமா?

பதில்: இது வைத்தியர்களுக்குப் பழகிய கதை. விடுமுறை நாள்களில் அளவுமீறிக் குடித்துவிட்டுத் துடிப்புக் கெட்டு ஆஸ்பத்திரிக்கு வருவோரைப் பற்றி அமெரிக்க வைத்தியர்கள் 1978இல் எழுதினார்கள். அதற்கு "விடுமுறை நெஞ்சு" என்ற பொருளில் ஒரு பெயரும் வைத்தார்கள். மதுசாரம் மேலறைத் தசையின் மின்னோட்டத்தை நேரடியாகவே குழப்பும். சலமாக வெளியேறும்போது பொற்றாசியத்தையும் மக்னீசியத்தையும் கொண்டுபோகும். போதாததற்கு அன்றிரவு குறட்டையும் கூடும்.

கணக்கைப் பாருங்கள். 33.5 வீதச் சாராயம் 180 மில்லிலீற்றர் கால் போத்தலில் ஏறக்குறைய 48 கிராம் தூய மதுசாரம். 10 கிராமை ஓர் அலகாக எடுத்தால் ஐந்து அலகுக்குக் கிட்ட. கள்ளு 5 வீதம் என்று வைத்தால் 750 மில்லிலீற்றர் போத்தலில் 30 கிராம், மூன்று அலகு. ஏஎப் உள்ளவர்கள் கிழமை முழுவதற்கும் மூன்று அலகைத் தாண்டக்கூடாது என்பது ஐரோப்பிய இதய வைத்தியர்களின் 2024 வழிகாட்டல். அதாவது உங்கள் "இயற்கைக்" கள்ளு ஒரு போத்தலோடு அந்தக் கிழமை முடிந்தது. கசிப்பில் எவ்வளவு மதுசாரம் என்று காய்ச்சியவருக்கே தெரியாது. அதைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம்.

அடிக்கடி குடிக்கிற ஏஎப்காரர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியை முழுதாக நிறுத்தச் சொன்ன அவுஸ்திரேலிய ஆய்வு 2020இல் வெளிவந்தது. ஆறு மாதத்தில், நிறுத்தச் சொன்னவர்களில் 53 வீதமானோருக்கும் வழக்கம்போல் குடித்தவர்களில் 73 வீதமானோருக்கும் ஏஎப் திரும்ப வந்தது. குளிசை மாற்றாமல் கிடைத்த வித்தியாசம் இது. உங்களுக்கு எங்கள் சொல் ஒன்றுதான்: நிறுத்துங்கள், ஈசிஜி ஒன்றும் எடுங்கள். தானாக நின்ற ஏஎப்பும் ஏஎப்தான்.

ஒரு எச்சரிக்கை. நாளாந்தம் கூடக் குடிப்பவர் ஒரே நாளில் வெட்டி நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு வரலாம். அவர்கள் ஆஸ்பத்திரி உதவியோடு நிறுத்தவேண்டும்.

கேள்வி (கனகராயன்குளம்): இவருக்கு வயது 41, பஸ் சாரதி. நிறை 94 கிலோ. குறட்டை அடுத்த வீட்டுக்குக் கேட்கும். இடையில் மூச்சு நின்று, பிறகு ஒரு பெரிய உறுமலோடு வரும். பகலில் தூங்கி வழிகிறார். குறட்டைக்கும் இதயத்துக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: உண்டு. இந்த இதழின் கடிதங்களில் எங்களை மிகவும் யோசிக்கவைத்தது உங்களுடையது. நித்திரையில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுவழி மூடிவிடுகிறது. மூடிய வழிக்கு எதிராக நெஞ்சு இழுக்கும்போது உள்ளே வெற்றிடம்போல் அழுத்தம் இறங்கி, மெல்லிய மேலறைச் சுவர் இழுபடும். இரத்தத்தில் ஒட்சிசன் குறையும். மூளை திடுக்கிட்டு எழுப்ப, பிறசர் பாயும். ஒரு மணித்தியாலத்தில் இது பத்து, இருபது, முப்பது தடவை நடந்தால் இரவு முழுக்க இதயத்துக்கு ஓய்வில்லை. குளிசையால் இறங்காத பிறசருக்கும் இது ஒரு காரணம்.

நீங்கள் பார்த்ததுதான் முக்கியமான சாட்சி. ஒரு இரவில் கைத்தொலைபேசியில் இரண்டு நிமிடம் வீடியோ எடுத்து வைத்தியரிடம் காட்டுங்கள். கழுத்துச் சுற்றளவையும் அளந்து கொண்டுபோங்கள், 40 சென்ரிமீற்றருக்கு மேல் என்றால் சந்தேகம் வலுக்கும். நித்திரைப் பரிசோதனையைப் பெரிய வைத்தியசாலையில் ஒழுங்குசெய்யலாம். தேவைப்பட்டால் மூச்சுவழியைக் காற்றால் திறந்துவைக்கும் மிசின் தருவார்கள். அதுவரைக்கும் மல்லாந்து படுக்க விடவேண்டாம். பழைய ரீசேட்டின் முதுகுப் பக்கத்தில் ஒரு பை தைத்து அதற்குள் டெனிஸ் பந்தைப் போட்டால் புரளும்போது உறுத்தி, ஆள் தானாகப் பக்கவாட்டுக்கு வருவார். நித்திரைக் குளிசையும் இரவுக் குடியும் தொண்டையை இன்னும் தளர்த்தும். ஏ9 வீதியில் ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு ஓடுகிறவர் தூங்கி வழிந்தால் கவலை இதயத்தோடு முடியாது. சாரதி இருக்கையில் கண் செருகுகிற நாளில் ஓடக்கூடாது என்பதை அவருக்கு நீங்கள்தான் சொல்லவேண்டும்.

நிறையில் பத்தில் ஒன்றைக் குறைத்தால், ஏஎப் உள்ளவர்களுக்கே அது திரும்ப வருவது நன்றாகக் குறைகிறது. அவருக்கு 9 கிலோ. ஆறு மாதம் எடுத்துக்கொள்ளலாம். பட்டினி வேண்டாம். பஸ் நிற்கிற இடமெல்லாம் தேத்தண்ணி குடிப்பவர் நாளுக்கு ஆறு தடவை, தடவைக்கு மூன்று தேக்கரண்டி சீனி என்றால் 18 கரண்டி, 80 கிராமுக்குக் கிட்ட, 320 கலோரி. சாயத்தண்ணியை வெறுமையாகக் குடிக்கப் பழகினால் தொடக்கத்தில் மாதம் ஒரு கிலோ அதிலேயே குறையும். சோடாப் போத்தலில் சிவப்பு அடையாளம் இருந்தால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்று அர்த்தம். கொத்தும் ரோல்ஸும் கடை வாசலில் மணக்கத்தான் செய்யும், வீட்டிலிருந்து பார்சல் கட்டிக் கொடுங்கள். கோப்பையில் அரைவாசி மரக்கறியும் கீரையும், கால்வாசி மீன் அல்லது பருப்பு, சோறு மிச்சக் கால்வாசி மட்டும். கிழமைக்கு ஐந்து நாள் அரை மணித்தியாலம், கதைக்க முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில் நடக்கட்டும். இடுப்பு 90 சென்ரிமீற்றருக்குக் கீழே வரும்வரை நாடாவை விடவேண்டாம். பெண்களுக்கு அது 80. வெறும் வயிற்றுச் சீனியையும் இந்த மாதமே பாருங்கள். 126 அல்லது அதற்கு மேல் இரண்டு தடவை வந்தால் நீரிழிவு, அதுவும் மேலறையைத் தழும்பாக்கும்.

கேள்வி (நெடுங்கேணி): வெயிலில் வயல்வேலை செய்துவிட்டு வந்தால் நெஞ்சு வேகமாக அடிக்கிறது. சலம் போக ஒரு குளிசையும் பாவிக்கிறேன். செவ்விளநீர் குடிக்கலாமா? நாரி நோவுக்கு டைக்குளோபினாக் போடுவதுண்டு.

பதில்: சூட்டில் இதயம் வேகமாக அடிப்பது இயல்பு. நிழலில் இருந்து தண்ணி குடித்தால் கால் மணித்தியாலத்தில் இறங்கவேண்டும். இறங்காவிட்டால், அல்லது தாளம் தாறுமாறாக இருந்தால் அது வேறு விஷயம்.

சலம் போகும் குளிசைகளில் பல (புரூசமைட், ஹைட்ரோகுளோரோதயசைட்) பொற்றாசியத்தையும் வெளியே கொண்டுபோகும். வியர்வையும் வயிற்றோட்டமும் சேர்ந்தால் நன்றாக இறங்கிவிடும். காலில் தசை பிடிப்பது, உடம்பு சோர்வது, நெஞ்சு தட்டித் தட்டி அடிப்பது அதன் அடையாளம். வயிற்றோட்டம் என்றால் ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த கரைசல் தூள்) பக்கற் ஒன்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணியில் முழுதாகக் கரையுங்கள். அரைப் பக்கற், அரைப் போத்தல் என்று கண்மதிப்பில் கரைக்கவேண்டாம். அந்த நாள்களில் குளிசையை நிறுத்துவதா என்று கிளினிக்கில் கேளுங்கள்.

செவ்விளநீரில் பொற்றாசியம் நிறைய. சிறுநீரகம் நல்லதென்றால் நாளுக்கு ஒன்று பிழையில்லை. ஆனால் வவுனியாப் பக்கம் காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் உள்ள பகுதி. நோய் முற்றும்வரை ஒன்றும் காட்டாது. ஆகவே இரத்தத்தில் கிரியற்றினினும் சலத்தில் புரதமும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். டைக்குளோபினாக் பிறசரை ஏற்றும், சிறுநீரகத்தையும் தாக்கும், சலக் குளிசையோடு சேர்ந்தால் இன்னும் கெடுதி. நோவுக்குப் பரசிற்றமோல் எடுங்கள், 500 மில்லிகிராம் இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு முந்தித் திரும்பப் போடாமல், நாளுக்கு எட்டுக்கு மேல் போகாமல். ஈரல் வருத்தம் உள்ளவர்களும் மெலிந்தவர்களும் அளவைக் கேட்டுக் குறைக்கவேண்டும்.

கேள்வி (பூநகரி): மகளுக்கு 14 வயது. தொண்டை நோவுக்குப் பிறகு மூட்டு மூட்டாக வீங்கி, இதயத்திலும் பாதிப்பு என்று மூன்று கிழமைக்கு ஒருக்கால் பெனிசிலின் ஊசி போடுகிறார்கள். இப்போது நன்றாக ஓடி விளையாடுகிறாள். ஊசி நோவுக்கு அழுகிறாள். நிறுத்தலாமா?

பதில்: நிறுத்தவேண்டாம். நன்றாக இருப்பது ஊசியால்தான். தொண்டையில் வருகிற ஒரு வகைக் கிருமிக்கு எதிராக உடம்பு எடுக்கிற போர், ஆள்மாறி இதய வால்வையும் தாக்குகிறது. அடுத்த தொண்டை நோ வந்தால் வால்வில் இன்னொரு அடி. இப்படி இடது பக்க வால்வு சுருங்கிப்போனால், முப்பது நாற்பது வயதிலேயே மேலறை பெருத்து ஏஎப் வந்துவிடும். அது கர்ப்பகாலத்தில் தலைகாட்டினால் தாய்க்கே ஆபத்து. இதயம் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பொதுவாகக் கடைசித் தாக்குதலிலிருந்து பத்து வருடம் அல்லது 21 வயது, இதில் எது பிந்துகிறதோ அதுவரை. வால்வில் பாதிப்பு நிலைத்துவிட்டால் 40 வயதுவரைகூட. திகதியை நாட்காட்டியில் சுற்றி வையுங்கள், நாலாவது கிழமைக்குத் தள்ளவேண்டாம். நோகும் ஊசிதான். மருந்தை மெதுவாக ஏற்றச் சொல்லித் தாதியிடம் கேட்கலாம்.

கேள்வி (அக்கராயன்): அம்மாவுக்கு ஏஎப். வாபரின் தந்திருக்கிறார்கள். அஸ்பிரின் ஏற்கெனவே போடுகிறா, அது போதாதா?

பதில்: போதாது. மேலறையில் தேங்கி உண்டாகும் கட்டியை அஸ்பிரின் நம்பத்தக்கபடி தடுக்காது, இரத்தம் கசிகிற ஆபத்து மட்டும் கூடும். இரண்டையும் சேர்த்துப் போடுவதா என்று கட்டாயம் கேளுங்கள், சிலருக்கு மட்டுமே அது தேவை. வாபரின் இரத்தம் உறைவதைக் குறைக்கிற குளிசை. அது எவ்வளவு வேலைசெய்கிறது என்று பார்க்கிற ஐஎன்ஆர் இரத்தப் பரிசோதனை பெரும்பாலானோருக்கு 2க்கும் 3க்கும் நடுவில் நிற்கவேண்டும். கீரை சாப்பிடக்கூடாது என்பது பிழையான கதை. வல்லாரையும் முருங்கையிலையும் கிழமைக்குக் கிழமை ஒரே அளவில் வந்தால் சரி. ஒரு மாதம் ஒன்றுமில்லை, மறுமாதம் தினமும் வறை என்றால்தான் ஐஎன்ஆர் ஏறி இறங்கும். ஒரு வேளை தவறினால் அடுத்த நாள் இரட்டிப்பாகப் போடக்கூடாது. தலை அடிபட்டால், காயம் தெரியாவிட்டாலும், ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

சுருக்கமாகச் சில:

கோப்பி குடித்தால் ஏஎப் வருமா? (பரந்தன்) நாளுக்கு ஒன்றிரண்டு கோப்பிக்கு அந்தப் பழி பொருந்தாது. உங்களுக்குக் குடித்தவுடன் படபடத்தால் விடுங்கள். இளம் பிள்ளைகள் குடிக்கிற எனர்ஜி டிரிங்க் வேறு, அதைத் தவிர்க்கவேண்டும்.

வெற்றிலை? (கொக்கிளாய்) பாக்கும் பொயிலையும் இரண்டுமே துடிப்பை ஏற்றும். வாய்ப் புற்றுநோய் வேறு.

முட்டுக்கு நீலப் பம்ப் அடித்தால் நெஞ்சு படபடக்கிறது. (துணுக்காய்) அடிக்கடி தேவைப்பட்டால் முட்டு கட்டுப்பாட்டில் இல்லை என்று அர்த்தம். தினமும் எடுக்கிற மண்ணிறப் பம்ப்பை ஒழுங்காக எடுங்கள், நீலத்தின் தேவை தானாகக் குறையும்.

நன்றாகச் சாப்பிட்டும் மெலிகிறேன், கை நடுங்குகிறது, வியர்க்கிறது, நாடி 110. (மாங்குளம்) தைரொயிட் கூடியிருக்கலாம். ரீஎஸ்எச் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். இது குணப்படுத்தக்கூடிய காரணம், பிந்தவேண்டாம்.

கனடாவிலிருந்து மகன் அனுப்பிய கைக்கடிகாரம் "ஏஎப் இருக்கலாம்" என்று காட்டுகிறது. பயப்படவேண்டுமா? (வட்டக்கச்சி) கடிகாரம் சில வேளை பிழையாகவும் சொல்லும், ஆனால் அலட்சியம் செய்கிற விஷயமல்ல. அது பதிந்த படத்தைத் தொலைபேசியில் சேமித்து, கிளினிக் கொப்பியோடு கொண்டுபோய்க் காட்டி ஈசிஜி கேளுங்கள். போகுமுன் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு விரலால் ஒரு நிமிடம் எண்ணியும் பாருங்கள்.